மே மாதத்து மதிப்பெண்ணுக்கு முன்பே: அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண் ஆவணங்களை ஆயத்தப்படுத்தும் முறை

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு மார்ச் மாதத்தில் நடக்கிறது. அதன் முடிவு மே மாதத்தில் வெளியாகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) தன் இளநிலைச் சேர்க்கை முடிவை மார்ச் 14 அன்று அறிவிக்கிறது. கணிதத்தில் வரும் ‘பை’ என்னும் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் (3.14) அந்த நாளில் அமைந்திருப்பதால் வந்த வழக்கம் அது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்றவை மார்ச் மாத இறுதியில் அறிவிக்கின்றன. இந்த இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: வீடே எதிர்பார்த்துக் காத்திருக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு மதிப்பெண், இந்தப் பல்கலைக்கழகங்கள் ஒரு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பிறந்திருக்கவே இல்லை. அவர்கள் படிப்பது ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளின் மதிப்பெண்களையும், பன்னிரண்டாம் வகுப்பின் காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களையும்தான்.

நம் ஊர்ப் பள்ளி முறையில் மிகவும் அலட்சியமாகக் கையாளப்படும் மதிப்பெண்கள் இவையே. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. பதினொன்றாம் வகுப்பைப் பன்னிரண்டுக்கான முன்னறையாக மட்டுமே பல பள்ளிகள் நடத்துகின்றன. அரையாண்டுத் தேர்வோ பொதுத் தேர்வுக்கான ஒத்திகையாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க எண்ணும் மாணவர், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எவற்றைச் சேர்க்க வேண்டும், பள்ளியிடம் என்ன கேட்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

மதிப்பெண் எதுவரை கொண்டு சேர்க்கும்

முதலில் அளவைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. 2024-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஹார்வர்டுக்கு ஏறத்தாழ 54,000 பேர் விண்ணப்பித்தனர். அனுமதி பெற்றவர்கள் 1,937 பேர். ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து 2014-இல் தொடரப்பட்டு 2023-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புடன் முடிந்த வழக்கில், அப்பல்கலைக்கழகத்தின் உள் ஆவணங்கள் பல வெளிவந்தன. ஒரே ஆண்டில், அமெரிக்காவிலிருந்து மட்டும் விண்ணப்பித்தவர்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் பள்ளிப் பாடங்களில் முழுத் தரப்புள்ளி பெற்றவர்கள் என்பதும், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வாகிய எஸ்ஏடியின் கணிதப் பகுதியில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் 3,000 பேருக்கு மேல் என்பதும் அந்த வழக்கில்தான் தெரியவந்தன. அனுமதிக் கடிதங்களோ சுமார் 2,000. விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் கல்வித் தகுதிக்கு 1 முதல் 6 வரை மதிப்பீடு இட்டனர். 1 என்பது உச்சம். மிகச் சிறந்த மதிப்பெண் மட்டும் பெற்றவருக்குப் பொதுவாகக் கிடைத்தது 2. 1 பெறுவதற்கு மதிப்பெண்ணுக்கு அப்பால், சுயமான ஆய்வு அல்லது படைப்பு நாட்டத்தின் அடையாளம் வேண்டியிருந்தது.

ஆகவே, மதிப்பெண் என்பது வாசலைத் தாண்ட வைப்பது. அது இல்லாமல் உள்ளே செல்ல முடியாது. ஆனால் அது மட்டுமே இருக்கையைப் பெற்றுத் தராது. நம் பொறியியல் கலந்தாய்வில் 200-க்கு 199.5 கட்-ஆஃப் பெற்றவர் 199 பெற்றவருக்கு முன்னால் நிற்பார். அதில் வேறு பேச்சுக்கு இடமில்லை. இந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு வரிசையே கிடையாது. 97 விழுக்காடு பெற்றவரும் 94 விழுக்காடு பெற்றவரும் ஒரே மேசையில் வைக்கப்படுவார்கள். பிறகு வேறு கேள்விகள் எழும். பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் ஒருவர் 95-ஐ 97 ஆக்குவதற்காகத் தன் ஒரே ஆர்வமான வானியலையோ விவாதப் போட்டியையோ கைவிட்டால், அது இந்தப் பாதையைப் பொறுத்தவரை நட்டக் கணக்கு.

எந்தப் பல்கலைக்கழகம் எதை எவ்வளவு பொருட்படுத்துகிறது என்பதை வதந்தியிலிருந்து அறிய வேண்டியதில்லை. பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ‘காமன் டேட்டா செட்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் ஓர் ஆவணத்தை வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு இச்சொற்களைச் சேர்த்து இணையத்தில் தேடினால் கிடைத்துவிடும். அதில் சி7 என்ற பகுதி, பாடத்திட்டத்தின் கடுமை, மதிப்பெண், வகுப்புத் தரவரிசை, தேர்வு மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், குணநலன் ஆகிய ஒவ்வொன்றையும் ‘மிக முக்கியம்’ என்பது தொடங்கி ‘கருதப்படுவதில்லை’ என்பது வரை நான்கு படிகளில் வகைப்படுத்திக் காட்டும். எம்.ஐ.டி.யின் ஆவணத்தில் ‘மிக முக்கியம்’ என்று நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டு வருவது மதிப்பெண் அன்று, குணநலனே என்பதைப் பார்த்துப் பல பெற்றோர் வியப்படைவார்கள். மதிப்பெண் அங்கே தேவையற்றது என்று அதற்குப் பொருளில்லை. மதிப்பெண்ணில் யாரும் யாருக்கும் சளைத்தவர்களாக இல்லாத கூட்டத்தில் அது பிரித்துக் காட்டப் பயன்படுவதில்லை என்பதே பொருள்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சேர்த்து வையுங்கள்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையிலான நான்கு ஆண்டுகள். எனவே நான்கு ஆண்டுகளின் பதிவும் கேட்கப்படும். மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு அரசுத் தேர்வுத் துறையின் சான்றிதழ் கிடையாது. அது பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டிலும், ஆண்டு முடிவில் பெற்றோர் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்த ரேங்க் கார்டிலும் மட்டுமே இருக்கும். பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் வேறு பள்ளிக்கு மாறுவது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. விடுதியுடன் கூடிய தனியார் பள்ளிகளைத் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் செல்பவர்களும் உண்டு. அப்படி மாறியவர், பன்னிரண்டாம் வகுப்பில் அக்டோபர் மாதம் பழைய பள்ளிக்குச் சென்று மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பதிவேட்டைத் தேடித் தரும்படி எழுத்தரிடம் கேட்கும் நிலைக்கு ஆளாகக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அதே நாளில், ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் ஆண்டு இறுதி மதிப்பெண்களைப் பாடவாரியாகப் பள்ளியின் லெட்டர் பேடில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, தலைமை ஆசிரியரின் கையொப்பமும் முத்திரையும் பெற்று, இரண்டு மூன்று படிகள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரையும் அப்போதே சரிபாருங்கள். தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. மதிப்பெண் சான்றிதழில் ‘கார்த்திக் எஸ்’ என்றிருக்கும். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் விரித்து எழுதப்பட்டுக் குடும்பப் பெயர் இடத்தில் நிற்கும். எஸ்ஏடி தேர்வுக்குப் பதிவு செய்தபோது அவசரத்தில் மூன்றாவதாக ஒரு வடிவம் கொடுத்திருப்பார்கள். விண்ணப்பம், தேர்வுப் பதிவு ஆகிய இரண்டிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். பள்ளி தரும் ஆவணத்தில், முதலெழுத்து எந்தப் பெயரைக் குறிக்கிறது என்பதை ஒரு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எல்லாப் பாடங்களும் கணக்கில் வரும்

பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் கணக்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மூன்று பாடங்களே சேர்கின்றன. இதனால் தமிழையும் ஆங்கிலத்தையும் தேர்ச்சி பெற்றால் போதும் என்ற அளவில் படிக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. இந்தப் பாதையில் அந்தப் பழக்கம் பெருங்கேடு. விண்ணப்பத்தைப் படிப்பவர் ஆறு பாடங்களையும் பார்ப்பார்; கணிதத்தில் 100, ஆங்கிலத்தில் 71 என்றிருந்தால், கட்டுரை எழுதியே காலந்தள்ள வேண்டிய ஒரு கல்லூரியில் இவர் எப்படித் தாக்குப்பிடிப்பார் என்று அவர் யோசிப்பது இயல்பு. பத்தாம் வகுப்பின் சமூக அறிவியலும் அவ்வாறே. தமிழ்ப் பாடத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருப்பது வீணாவதில்லை; ஒரு செவ்வியல் மொழியின் இலக்கியத்தை இலக்கணத்தோடு நான்கு ஆண்டுகள் படித்தவர் என்பது அங்கே மதிக்கப்படும் செய்தி. கட்-ஆஃப் என்ற சொல்லை மட்டும் விண்ணப்பத்தில் எங்கும் எழுதாதீர்கள். அவர்களுக்கு அது புரியாது.

பாடத்திட்டத்தின் கடுமை என்று அவர்கள் குறிப்பிடுவது, பள்ளியில் கிடைக்கும் பாடங்களில் கடினமானவற்றை மாணவர் எடுத்தாரா என்பதை. அமெரிக்கப் பள்ளிகளில் ஒரே பாடத்துக்கு எளிய வகுப்பும் கடின வகுப்பும் உண்டு. நம் பள்ளிகளில் தேர்வுக்குரியது பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் குரூப் மட்டுமே. இல்லாத ஒன்றை எடுக்கவில்லை என்று யாரும் குறை சொல்லப் போவதில்லை. எனினும் பொறியியல், அறிவியல் படிப்புகளுக்கு விண்ணப்பிக்க எண்ணுபவர் கணிதம் உள்ள குரூப்பை எடுத்தே ஆக வேண்டும். நுண்கணிதம் வரை கணிதமும், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் ஓராண்டேனும் படித்திருப்பதை எம்.ஐ.டி. பரிந்துரைக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணிதத்திலேயே வகையீடும் தொகையீடும் வந்துவிடுகின்றன. ஆனால் மதிப்பெண் பட்டியலில் ‘கணிதம்’ என்ற ஒற்றைச் சொல்லே இருக்கும் என்பதால், வெளிநாட்டில் அதைப் படிப்பவருக்கு இது தெரிய வழியில்லை. இதற்கான இடம் பள்ளிக் குறிப்பு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பள்ளிக்கு வெளியே ஆழமாகப் படித்ததைக் காட்ட வழிகள் உள்ளன. பள்ளியில் இருக்கும்போதே எழுதக்கூடிய கல்லூரி அளவிலான பாடத் தேர்வுகளான, அமெரிக்கக் கல்லூரி வாரியத்தின் ஏ.பி. தேர்வுகளைத் தனியாகப் படித்தும் எழுதலாம். 1 முதல் 5 வரை மதிப்பிடப்படும். ஆனால் கட்டணம் மிகுதி. தேர்வு மையங்களும் பெருநகரங்களிலேயே கிடைக்கும். செலவில்லாத வழியாக, ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல். பாடங்களைச் சொல்வேன்: கற்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கணிதத்திலும் அறிவியலிலும் உண்மையான நாட்டம் உள்ளவர்களுக்கு, மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் ஒருங்கிணைக்கும் ஒலிம்பியாடு தேர்வுகள் இருக்கின்றன. இவற்றுள் ஒன்றைச் செய்தால் போதும்.

நீங்களே மாற்றிக் கணக்கிடாதீர்கள்

மிகுதியான பிழைகள் நேரும் இடம் இது. அமெரிக்கப் பள்ளிகளில் மதிப்பெண் பெரும்பாலும் 4.0 என்ற அளவில் ஜி.பி.ஏ. என்னும் தரப்புள்ளிச் சராசரியாகக் கூறப்படும். உடனே நம்மவர்கள் 94 விழுக்காட்டை 25-ஆல் வகுத்து 3.76 என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் 93-க்கு மேல் உள்ள எதுவும் 4.0 தான்; அந்தக் கணக்குப்படி பார்த்தால், இந்த மாணவர் தன் மதிப்பைத் தானே குறைத்துக் காட்டியிருக்கிறார். மறுபுறம், இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஓர் அட்டவணையைக் கொண்டு 85-ஐ 4.0 ஆக்கிக்கொள்பவர்களும் உண்டு. இரண்டும் தேவையற்ற வேலை. பல நாட்டு மதிப்பெண் முறைகளையும் நன்கறிந்தவர்கள் அந்தச் சேர்க்கை அலுவலகங்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும், சில வேளை ஒவ்வொரு மாநிலத்துக்கும், தனித்தனிப் பொறுப்பாளரை வைத்திருப்பது வழக்கம். பள்ளி எந்த அளவில் மதிப்பெண் தருகிறதோ அந்த அளவிலேயே எழுதுங்கள். ‘காமன் ஆப்’ என்னும் பொது விண்ணப்பத்தில் 100 என்ற அளவைத் தேர்ந்தெடுக்க வசதி இருக்கிறது. பள்ளி சராசரி கணக்கிடுவதில்லை என்றால், இல்லை என்று குறிப்பிடும் வசதியும் இருக்கிறது.

வகுப்புத் தரவரிசைக்கும் இதே விதி. பள்ளி அதிகாரபூர்வமாகத் தரவரிசை இடுகிறது என்றால் மட்டும் எழுதலாம். ‘எங்கள் வகுப்பில் நான்தான் எப்போதும் முதல்’ என்ற வாய்வழிச் செய்தியை எண்ணாக்கி எழுதிவிட்டுப் பள்ளி வேறு எண்ணைத் தந்தால், அந்த முரண்பாடு விண்ணப்பம் முழுவதன் மீதும் ஐயத்தை எழுப்பும்.

சி.பி.எஸ்.இ. மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அந்த வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஏ1 தரம் என்பது குறிப்பிட்ட மதிப்பெண்ணைக் குறிப்பதன்று; அப்பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குத் தரப்படுவது. ஒரு பாடத்தில் 91 ஏ1 ஆகவும், மற்றொன்றில் 93 ஏ2 ஆகவும் இருக்கலாம். மாணவர் மதிப்பெண்ணையும் தரத்தையும் சேர்த்தே எழுதட்டும். தரம் எப்படி வழங்கப்படுகிறது என்பதைப் பள்ளி விளக்கட்டும்.

டிரான்ஸ்கிரிப்ட்டும் பள்ளிக் குறிப்பும்

டிரான்ஸ்கிரிப்ட் என்பது நான்கு ஆண்டுகளின் பாடங்களையும் மதிப்பெண்களையும் ஒரே தாளில் காட்டும், பள்ளி வழங்கும் ஆவணம். விண்ணப்பத்திலேயே பெரும்பாலும் மிக முக்கியமான ஆவணம் இதுவே என்று யேல் பல்கலைக்கழகம் வெளிப்படையாகச் சொல்கிறது. நம் பள்ளிகளில் பலவற்றுக்கு இந்தச் சொல்லே புதிது. தலைமை ஆசிரியரிடம் சென்று டிரான்ஸ்கிரிப்ட் கேட்டால், பத்தாம் வகுப்புச் சான்றிதழின் ஒளிநகலில் ‘உண்மை நகல்’ என்று முத்திரையிட்டுக் கொடுத்துவிடுவார். அது அவர் குற்றமன்று. இதுவரை அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

ஆகவே வரைவை நீங்களே ஆயத்தம் செய்து கொண்டு செல்லுங்கள். மேலே பள்ளியின் பெயர், முகவரி, வாரியம், பயிற்று மொழி ஆகியவை வரட்டும். அதன் கீழ் மாணவர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த ஆண்டு. பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அட்டவணை: பாடம், பெற்ற மதிப்பெண், மொத்த மதிப்பெண், அது பள்ளித் தேர்வா பொதுத் தேர்வா என்ற குறிப்பு. பத்தாம் வகுப்பு 500-க்கு, மேல்நிலை 600-க்கு என்பதைத் தெளிவாகக் காட்டுங்கள். முன்பு மேல்நிலைத் தேர்வு 1,200 மதிப்பெண்ணுக்கு நடந்தது. பழைய முறையை நினைவில் வைத்திருப்பவர் யாரேனும் படித்தால் குழப்பம் வரக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்புக்குக் காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை இடுங்கள். பொதுத் தேர்வு மார்ச்சில் நடைபெறும், முடிவு மே மாதத்தில் வரும் என்ற ஒரு வரியைச் சேருங்கள். தலைமை ஆசிரியர் இந்த வரைவைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தி, பள்ளியின் லெட்டர் பேடில் அச்சிட்டுக் கையொப்பமிட்ட பிறகுதான் அது ஆவணமாகிறது.

பதினொன்றாம் வகுப்பு குறித்து ஒரு விளக்கம் அவசியம். தமிழ்நாட்டில் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது; 2025-ஆம் ஆண்டு வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அது கைவிடப்பட்டது. பொதுத் தேர்வு எழுதியவர்களிடம் அரசுச் சான்றிதழ் இருக்கிறது. அடுத்து வருபவர்களுக்குப் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணே ஆதாரம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முடிவு வெளியாகும் வரை கையில் இருக்கும் கடைசி முழு ஆண்டு மதிப்பெண் இந்த வகுப்புடையதே. பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஓரிரு மாதங்களில் முடித்துவிட்டுப் பன்னிரண்டுக்குத் தாவும் பள்ளியில் படிப்பவர், அந்த ஆண்டின் தேர்வுகள் முறையாக நடந்து பதிவேட்டில் ஏறுகின்றனவா என்பதைப் பெற்றோர் வழியாகவேனும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பள்ளிக் குறிப்பு என்பது பள்ளியைப் பற்றிய ஒன்றிரண்டு பக்க விளக்கம். என் கருத்தில், மாநிலப் பாடத்திட்ட மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள தாள் வேறில்லை. இதைவிட அதிகம் புறக்கணிக்கப்படும் தாளும் வேறில்லை. சேர்க்கை அலுவலர் ஒரு மதிப்பெண்ணைத் தனியாகப் படிப்பதில்லை, அது எந்த மண்ணில் விளைந்தது என்று பார்க்கிறார். 600-க்கு 548 என்பது, பள்ளியில் பாதிப் பேர் 570 பெறும் நகரத்துத் தனியார் பள்ளியில் ஒரு பொருளையும், எட்டு ஆண்டுகளில் யாரும் 530-ஐத் தாண்டாத ஓர் ஊராட்சி ஒன்றியத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் முற்றிலும் வேறொரு பொருளையும் தரும். இந்த வேறுபாட்டை அவருக்கு எடுத்துச் சொல்ல வேறு யாரும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை மாணவர், எந்தெந்த குரூப்கள் உள்ளன, ஆய்வக வசதி எப்படி, பயிற்று மொழி தமிழா ஆங்கிலமா, ஏ.பி. போன்ற பாடங்கள் இப்பள்ளியில் இல்லை, கணிதப் பாடத்தில் நுண்கணிதம் அடங்கும் என்பனவெல்லாம் பள்ளிக் குறிப்பில் இடம்பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சென்ற ஆண்டுப் பொதுத் தேர்வில் இப்பள்ளியில் 550-க்கு மேல் எத்தனை பேர், 500 முதல் 550 வரை எத்தனை பேர், அதற்குக் கீழ் எத்தனை பேர் என்ற பங்கீட்டைக் கொடுக்கச் சொல்லுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்பவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரிந்தால் எழுதலாம். மாணவரைப் புகழும் இடம் இதுவன்று. பள்ளியை உள்ளபடி விவரிக்கும் இடம்.

‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் இந்த ஆவணங்களைப் பதிவேற்றுபவர் பள்ளியின் ஆலோசகர். நம் பள்ளிகளில் அப்படி ஒரு பதவி இல்லாததால், தலைமை ஆசிரியரோ மேல்நிலைப் பிரிவின் மூத்த ஆசிரியரோ அந்தப் பணியை ஏற்கலாம். அவருக்குக் கணினி வசதி இல்லை என்ற காரணத்தால் மாணவரே ஆசிரியர் பெயரில் மின்னஞ்சல் முகவரி தொடங்கி, தானே கடிதம் எழுதிப் பதிவேற்றுவதும், ‘நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று முகவர்கள் சொல்வதும் நடக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு மாணவரின் பள்ளிக்குச் சேர்க்கை அலுவலகம் ஐயம் தீர்க்க எழுதியபோது, அப்படி ஒரு கடிதமே தாம் எழுதவில்லை என்று ஆசிரியர் உண்மையைச் சொல்லிவிட்டார். விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. ஆசிரியரோடு ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து, அவர் தம் கணக்கில் தாமே நுழைந்து பதிவேற்றும்வரை உதவினால் போதும்.

எஸ்ஏடி எழுத வேண்டுமா

பெருந்தொற்றுக் காலத்தில் விருப்பத்துக்கு விடப்பட்ட இத்தேர்வை 2022-இல் எம்.ஐ.டி. மீண்டும் கட்டாயமாக்கியது, 2024-இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவை தொடர்ந்தன. யேல், எஸ்ஏடிக்குப் பதிலாக ஏ.பி. போன்ற தேர்வு மதிப்பெண்களையும் ஏற்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட வளாகங்களோ அனுப்பினாலும் பார்ப்பதில்லை. ஆண்டுக்காண்டு விதி மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கட்டாயமில்லாத இடத்திலும், பெயர் அறியப்படாத பள்ளியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு நல்ல எஸ்ஏடி மதிப்பெண் துணை நிற்கும். பள்ளி மதிப்பெண்ணை வேறொரு தராசில் நிறுத்துக் காட்டும் சாட்சி அது. பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் பயின்று ஆகஸ்டிலோ அக்டோபரிலோ எழுதிவிட்டால், பொதுத் தேர்வுத் தயாரிப்போடு மோதாது.

கலிபோர்னியா வளாகங்களுக்கு வேறு சில விதிகளும் உண்டு. அவை தனி விண்ணப்பம் கொண்டவை; கடைசி நாள் நவம்பர் இறுதியை ஒட்டி வருகிறது; தரப்புள்ளிக் கணக்குக்குப் பத்து, பதினொன்றாம் வகுப்புகளையே எடுத்துக்கொள்கின்றன. விண்ணப்பிக்கும்போது ஆவணம் கேட்பதில்லை, மாணவரே மதிப்பெண்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கும்போது வேறுபாடு தெரிந்தால் அனுமதி ரத்தாகும் என்பதால், சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஓர் ஆண்டு சறுக்கியிருந்தால்

காய்ச்சல், குடும்பத்தில் ஓர் இழப்பு, பயிற்று மொழி மாற்றம் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். தமிழ் வழியிலிருந்து பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறியவர்களின் முதல் காலாண்டு மதிப்பெண் சரிவது மிக இயல்பு. இதை மறைக்கவும் வேண்டாம், கட்டுரை முழுவதும் புலம்பவும் வேண்டாம். விண்ணப்பத்தில் கூடுதல் தகவலுக்கான பகுதி உள்ளது. அங்கே மூன்று நான்கு வாக்கியங்களில் என்ன நடந்தது, எந்தத் தேர்வுகள் பாதிக்கப்பட்டன, அதன் பிறகு மதிப்பெண் எப்படி மீண்டது என்று எழுதினால் போதும். இதையே தலைமை ஆசிரியர் தம் கடிதத்தில் சொன்னால் எடை கூடும். 78, 84, 93 என ஏறிய வரிசையைச் சேர்க்கை அலுவலர் அனுதாபத்தோடு படிப்பார்; 96, 91, 83 என இறங்கிய வரிசைக்குக் காரணம் தேடுவார்.

பன்னிரண்டாம் வகுப்பின் மாதங்கள்

முன்கூட்டிய விண்ணப்பங்களுக்கு நவம்பர் 1, வழக்கமான விண்ணப்பங்களுக்கு ஜனவரி முதல் வாரம் என்பது பெரும்பாலான இடங்களின் கெடு. காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் முடிவதால், நவம்பர் கெடுவுக்கு அந்த மதிப்பெண்ணே உங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் ஒரே அடையாளம். அரையாண்டு மதிப்பெண் டிசம்பரில் வந்ததும், அதைப் பள்ளி ‘இடையாண்டு அறிக்கை’யாக ஜனவரி, பிப்ரவரியில் அனுப்ப வேண்டும். திருப்புதல் தேர்வுகளும் செய்முறைத் தேர்வும் பள்ளியை விழுங்கிவிடும் காலம் அது. நினைவூட்டாவிட்டால் யாருக்கும் நினைவிருக்காது. சில இடங்களில் பொதுத் தேர்வில் எதிர்பார்க்கப்படும் மதிப்பெண்ணை ஆசிரியர் கணித்துத் தரும்படி கேட்பார்கள். அன்புக்காக அதை உயர்த்தி எழுதச் சொல்லாதீர்கள். மே மாதத்தில் உண்மை வெளிவரும்.

இவை அனைத்தும் பொதுத் தேர்வுத் தயாரிப்பை நசுக்கிவிடும் என்று தோன்றினால், இன்னொரு வழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, வேறு எந்தப் பட்டப் படிப்பிலும் சேராமல் ஓராண்டு இடைவெளி விட்டு விண்ணப்பிக்கலாம். அப்போது மே மாதத்து மதிப்பெண்ணும் உங்கள் கையில் இருக்கும். ‘ஓர் ஆண்டு வீணாகிறது’ என்று உறவினர் பேசுவார்கள். அமெரிக்கச் சேர்க்கை அலுவலகங்கள் அப்படி நினைப்பதில்லை. ஆனால் அந்த ஆண்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள்.

உதவித்தொகை பற்றிய தவறான நம்பிக்கை ஒன்றையும் இங்கே களைந்துவிடுகிறேன். உயர்ந்த மதிப்பெண் பெற்றால் முழு உதவித்தொகை கிடைக்கும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும், எம்.ஐ.டி.யும் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்தே தருகின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், ஆமர்ஸ்ட் முதலிய சில இடங்கள், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதைச் சேர்க்கை முடிவில் கருதுவதில்லை. மற்றவற்றில் பெரும்பாலானவை கருதுகின்றன. எனவே விண்ணப்பிக்கும் இடங்களின் பட்டியலை, வருமானச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் ஒருசேர வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

மே 1-க்குள் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது என்பதைத் தெரிவிக்க வேண்டும். அதன் பின் சில நாட்களில் பொதுத் தேர்வு முடிவு வரும். இறுதி மதிப்பெண்களையும் பள்ளியே அனுப்ப வேண்டும். முந்தைய மதிப்பெண்களோடு ஒப்பிடுகையில் பெருஞ்சரிவு இருந்தால் விளக்கம் கேட்கவும், அனுமதியைத் திரும்பப் பெறவும் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு. இரண்டு மூன்று விழுக்காடு குறைந்ததற்காக யாரும் அதைச் செய்வதில்லை. இணையத்தில் பதிவிறக்கிய தற்காலிகச் சான்றிதழை முதலில் தலைமை ஆசிரியர் அனுப்பட்டும். அசல் வந்ததும் அதன் ஸ்கேன் நகலை அனுப்பட்டும். அசல் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் உள்ளூர்க் கல்லூரி எதிலாவது பாதுகாப்புக்காகச் சேர்ந்து ஒப்படைத்துவிட்டு, விசா நேர்காணலுக்கு முந்தைய வாரம் திரும்பக் கேட்டு அலையும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.